ஒன்றும் பிடிக்காத இரவுக்கு எந்த கேம்?

சித்தி மகன் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் செய்து, "அண்ணா, லேப்டாப்ல பதினாலு கேம் இருக்கு, எதைத் திறந்தாலும் அஞ்சு நிமிஷத்துல மூடிடறேன், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதை மட்டும் வச்சுக்கறேன்" என்றான். குரலில் சலிப்பைவிடக் களைப்புதான் அதிகமாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம், ஆனால் எனக்கும் இதே நிலை வருஷத்துக்கு நாலைந்து தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பழைய கேம்தான் கைகொடுக்கிறது, அது எது, ஏன் என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. ரெண்டு நாள் டைம் கொடு என்றேன்.

யோசித்ததில் முதலில் பிடிபட்டது இதுதான். நல்ல கேம் எது என்பது ஒரு கேள்வி, எதுவும் பிடிக்காதபோது எதைத் திறப்பது என்பது இன்னொரு கேள்வி, இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்கள், அதாவது ஒரு பெரிய உலகத்தில் இஷ்டம்போலச் சுற்றித் திரியும் கேம்கள், எனக்கு உயிர். ஆனால் மூன்று மாதம் கழித்து அதில் ஒன்றைத் திறந்தால் எந்த ஊரில் நிற்கிறோம், யாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம், குதிரையைக் கூப்பிட எந்த பட்டன் என்று எல்லாமே மறந்திருக்கும். அதை ஞாபகப்படுத்திக்கொள்ளத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்புதான் அன்றைக்கு இருக்காது. அதனால் நான் மூன்றே மூன்று விஷயம் பார்த்தேன்: திறந்த எத்தனை நிமிஷத்தில் கை வேலையை ஆரம்பிக்கிறது, பல மாதம் விட்டுவிட்டுப் போனால் தண்டிக்குமா, நடுவில் எழுந்து போக விடுமா. கிராஃபிக்ஸ், கதை, புதுசா பழசா, இதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

எல்லோரும் முதலில் சொல்வது ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பாரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருஷம் போல உட்கார்ந்து படம், இசை, எழுத்து எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விவசாய கேம். தாத்தா விட்டுப்போன நிலம், கையில் 500 காசு, பார்ஸ்னிப் என்ற கிழங்குக்குப் பதினைந்து விதை. காலை ஆறு மணிக்கு எழுந்து டிவியில் மழை வருமா என்று பார்த்து, பூவாளியில் தண்ணீர் ஊற்றி, கல் உடைத்து, மீன் பிடித்து, படுக்கப் போவது, அவ்வளவுதான். கேமில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிஷம். மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அந்தக் காலையில் கிடைக்கும் ஒரு நிம்மதி இருக்கிறதே, நிஜ வாழ்க்கையில் திடீரென்று லீவு விட்ட மாதிரி.

ஆனால் திரும்பிப் போவதற்கு என்று பார்த்தால் இதில் இரண்டு சிக்கல். ஒன்று, படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். மதியம் மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டால் அப்படியே மூடிவிட்டுப் போக முடியாது, போனால் அன்றைய வேலை எல்லாம் வீண். இரண்டு, பாதியில் விட்ட பண்ணைக்குத் திரும்பினால் கோடையின் பதினேழாம் நாள், பெட்டி நிறைய என்னென்னவோ கிடக்கிறது, இதையெல்லாம் எதற்கு சேர்த்து வைத்தோம் என்று ஒன்றும் புரியாது. ஒரு பருவம் 28 நாள், அது முடிந்தால் அந்தப் பருவத்துப் பயிர் செத்துவிடும், அந்த நினைப்பு பின்னாலேயே நிற்கும். என் பழக்கம் என்னவென்றால் பழைய பண்ணையைத் தொடவே மாட்டேன், புதிதாக ஒன்று தொடங்குவேன். வசந்தத்தின் முதல் நாள், களை மண்டிய நிலம், நாலு நாளில் விளையும் பார்ஸ்னிப். அந்த முதல் இரண்டு வாரத்தை நான் இருபது தடவையாவது விளையாடியிருப்பேன், இரண்டாம் வருஷத்தை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். அப்படி விளையாடுவது தப்பே இல்லை, கேம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மைன்கிராஃப்ட் பற்றிக் கேட்பார்கள். கட்டம் கட்டமான உலகத்தில் நாமே தோண்டிக் கட்டும் கேம், உலகத்திலேயே அதிகம் விற்றது, 2023-லேயே 30 கோடி பிரதியைத் தாண்டிவிட்டது. குழந்தைகளோடு சேர்ந்து விளையாட அதற்கு இணை இல்லை, என் மகள் கட்டிய மரவீட்டுக்குள் போய் உட்கார்வது எனக்கு ஒரு தனி சுகம். ஆனால் தனியாக, மனசு வறண்ட ராத்திரியில், வேண்டவே வேண்டாம். என்ன செய்யலாம் என்று அது நம்மையே கேட்கும், அன்றைக்கு நம்மிடம் இல்லாதது அந்தப் பதில் ஒன்றுதான்.

அடுத்தது என் தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறியது. 2004, 2005-ல் பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடிய யாரிடமும் ஒரு நகரத்தில் வண்டி ஓட்டித் திரியும் ஜிடிஏ கேமான வைஸ் சிட்டி என்று சொல்லிப் பாருங்கள், ஒரு வினாடி முகம் மாறும். மணிக்கு இருபது ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, ஒருவன் ஓட்டுவான், இன்னொருவன் பக்கத்தில் நின்று சீட் கோடு, அதாவது டைப் செய்தால் கேமை ஏமாற்றும் ரகசியச் சொல், சொல்வான். எங்கள் சென்டரில் கீபோர்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே யாரோ பால்பாயின்ட் பேனாவில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள்: பீரங்கி வண்டிக்கு பான்சர், உயிருக்கு ஆஸ்பிரின், போலீஸ் போக லீவ் மீ அலோன். எழுத்துக்கூட்டிப் படித்து ஒற்றை விரலால் அடித்த அந்த மூன்று சொற்களில்தான் நான் இங்கிலீஷ் டைப்பிங்கே பழகினேன்.

அந்த கேமுக்கு இன்றைக்கும் நான் போவேன், ஆனால் மிஷன் செய்யப் போவதில்லை. பொம்மை ஹெலிகாப்டரில் நாலு குண்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டடத்துக்குள் வைக்கும் மிஷனை அந்த வயதில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று தெரியவில்லை, எங்கள் தெருவில் ஒருவன்தான் முடித்தான், அவனுக்கு அதனாலேயே ஒரு மரியாதை இருந்தது. இப்போது நான் செய்வதெல்லாம் ஓஷன் வியூ ஓட்டலிலிருந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு, ரேடியோவைப் போட்டு, சாயங்கால வெளிச்சத்தில் கடற்கரை ஓரமாக ஒரு சுற்று. இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் இருந்தால் சோகம் வந்துவிடுகிறது. கேம் 2002-ல் வந்தது, அதைச் சேர்ந்து விளையாடிய நாலு பேரில் இரண்டு பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தையே விட்டுப்போய்விட்டது, அந்தத் தெருக்களில் ஓட்டும்போது அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. சந்தோஷமாக இருக்கும்போது பழைய ஞாபகம் இனிக்கும், ஒன்றும் பிடிக்காதபோது அதே ஞாபகம் கனக்கும். தம்பிக்கு இந்தக் கணக்கே கிடையாது, கேம் வந்த வருஷம் அவன் கைக்குழந்தை. அவனுக்கு வைஸ் சிட்டி சொன்னால் அது என் இளமையை அவன் தலையில் கட்டுவது.

ஈஏ கிரிக்கெட் 07-உம் அப்படித்தான். 2006 கடைசியில் வந்தது, அதற்குப் பிறகு அந்த வரிசையில் புதுசு வரவே இல்லை, ஆனாலும் நம் ஆட்கள் வருஷா வருஷம் புது அணி, புது ஜெர்சி என்று பேட்ச் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் பேசும் அந்த வர்ணனை காதில் விழுந்தாலே எனக்கு மே மாத விடுமுறை. ஆனால் ஃபீல்டிங் இடைவெளி எங்கே என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் ஓவருக்கு இருபத்து நாலு ரன், அப்புறம் அதில் என்ன இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஐந்து ஓவர் ஆடலாம், தனியாக வேண்டாம்.

இனி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் கட்டி, படை சேர்த்து எதிரியோடு மோதும் கேம், 1999-ல் வந்தது, 2019-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள், இன்னும் புதுப் புது நாகரிகங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2022-ல் இந்திய அரச வம்சங்கள் பற்றிய தொகுப்பு ஒன்று வந்தது, அதில் திராவிடர்கள் என்று ஒரு தரப்பு, ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு போர்த்தொடர், சிலம்ப ஆசான்கள் சுருள்வாள் என்று சொல்கிற உருமியைச் சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற பெயரில் பெரிய போர்க்கப்பல். சின்ன வயதில் பிரிட்டனாகவும் ஃபிராங்காகவும் மட்டுமே ஆடிப் பழகியவனுக்கு, துறைமுகத்திலிருந்து திரிசடை இறங்கி வருவதை முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது, உண்மையாகவே.

ஆனால் நான் இதற்குத் திரும்பிப் போவது சோழனுக்காக இல்லை, முதல் மூன்று நிமிஷத்துக்காக. ஆட்டம் தொடங்கும்போது மூன்று கிராமத்து ஆட்கள், ஒரு குதிரை வீரன், ஒரு நகர மையம், 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். உடனே நாலு ஆளுக்கு ஆர்டர், ஆளுக்கு 50 உணவு, 25 வினாடி. இரண்டு பேர் ஒரு வீடு, மூன்றாவது ஆள் இன்னொரு வீடு, குதிரை சுற்றி வந்து ஆடுகளைத் தேடும், கிடைத்த ஆட்டை நகர மையத்துக்குக் கீழேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும், ஆறு பேர் ஆட்டில், அடுத்து வருகிறவர்கள் மரத்துக்கு, அப்புறம் காட்டுப்பன்றியை ஒருவன் அடித்துவிட்டு ஓடி வர வேண்டும். இதில் யோசனையே கிடையாது. காலையில் எழுந்து பல் விளக்கி, பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்குவது மாதிரி கை தானாகச் செய்யும். என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனசுக்கு, கை தன்பாட்டில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பதைப் பார்ப்பதே ஒரு ஆறுதல். ஆட்டத்தின் மூன்றாவது கட்டமான கோட்டைக் காலத்துக்கு 800 உணவும் 200 தங்கமும் சேரும்போது நான் கொஞ்சம் ஆளாகியிருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும். ஆன்லைனில் மனிதர்களோடு ஆடித் தோற்றால் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விடும், அதனால் அந்த நாட்களில் கம்ப்யூட்டரோடு மட்டும்தான், அதுவும் ஜெயிக்க முடிகிற லெவலில். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த முதல் மூன்று நிமிஷம் கைக்கு வருவதற்கு எனக்குப் பல வருஷம் ஆனது. ஆடித் தேய்ந்தவனுக்குத்தான் அது டிகாக்‌ஷன், புதியவனுக்கு அது பரீட்சை. தம்பி இதை ஒரு தடவைகூட ஆடியதில்லை.

டெட்ரிஸ் வேறு வகை. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் கேம், 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது, ஏழே ஏழு வடிவம், இன்றைக்கும் எந்த போனிலும் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இப்போதைய டெட்ரிஸ்களில் ஏழு வடிவத்தையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுப்பது போல வரிசை வரும், அதனால் நீளக்கட்டை வரவே வராது என்ற பயம் வேண்டாம், எவ்வளவு கெட்ட நேரமானாலும் இடையில் பன்னிரண்டு கட்டைக்கு மேல் போகாது. சின்ன விஷயம்தான், ஆனால் நம்பிக் காத்திருக்கலாம் என்பது அந்த நேரத்தில் பெரிய விஷயம்.

இதை நான் மனசு வறண்டிருக்கும்போது ஆடுவதில்லை, மனசு பதறும்போது ஆடுவேன். அப்பாவுக்கு பயாப்சி எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் கொண்டு போயிருந்தேன், ஒரே பக்கத்தைப் பதினைந்து தடவை படித்தேன். போனில் டெட்ரிஸைத் திறந்ததும் அரைமணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினேன், அந்த அரைமணியில் ஒரு நிமிஷம்கூட ரிசல்ட்டை நினைக்கவில்லை. (ரிசல்ட் நல்லபடியாகவே வந்தது.) இதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள், ஏதோ ஒரு முடிவுக்காகப் பதற்றத்தோடு காத்திருப்பவர்களிடம் டெட்ரிஸ் கொடுத்துப் பார்த்ததில், ரொம்ப எளிதாகவும் இல்லாமல் ரொம்பக் கடினமாகவும் இல்லாமல் அவரவர் திறமைக்கு ஏற்ற வேகத்தில் ஆடியவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பு கொஞ்சம் லேசாக இருந்தது. என் அனுபவமும் அதுதான். ஆனால் பதற்றம் இல்லாத வெறும் சலிப்பு நாளில் டெட்ரிஸ் பத்து நிமிஷத்தில் காலி.

பலாட்ரோவையும் ஸ்லே தி ஸ்பையரையும் விட்டுவிட்டேன் என்று யாராவது கோபப்படலாம். இரண்டும் சீட்டு கேம்கள், இரண்டும் அருமை, பாதியில் மூடினாலும் ஆட்டம் போய்விடாது. ஆனால் தோற்றவுடன் இன்னொன்று ஆட வைக்கும், ஜெயித்தாலும் இன்னொன்று ஆட வைக்கும். ஷிஃப்டுக்குக் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவனிடம் நான் பலாட்ரோவைக் கொடுக்க மாட்டேன். தூக்கம்தான் அவனுக்கு முதல் மருந்து.

கடைசியாக யூரோ டிரக் சிமுலேட்டர் 2. பிராக் நகரத்தில் இருக்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்டது. லாரி ஓட்டுவதுதான் கேம், வேறு ஒன்றும் இல்லை, யாரையும் சுட வேண்டாம், யாரையும் ஜெயிக்க வேண்டாம். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரி இன்னொரு வேலையா என்று நானும் கேட்டேன். ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

எங்கே போக வேண்டும், என்ன சரக்கு, எத்தனை மணிக்குள், எல்லாம் அதுவே சொல்லிவிடும். நாம் செய்ய வேண்டியது ரோட்டைப் பார்ப்பது மட்டும். தொடக்கத்தில் சொந்த லாரிகூட வேண்டாம், கம்பெனி லாரியை எடுத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டலாம், டீசல் செலவு அவர்களுடையது. தூரங்களை நிஜத்தில் இருப்பதைவிடச் சுமார் பத்தொன்பது மடங்கு சுருக்கியிருக்கிறார்கள், அதனால் 600 கிலோமீட்டர் என்று காட்டும் பயணம் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் அலுத்தால் ஓரமாக நிறுத்தி, சேவ் போட்டு, மூடிவிடலாம், மூன்று மாதம் கழித்துத் திறந்தால் அதே ஓரத்தில் லாரி நிற்கும், திரையில் போக வேண்டிய ஊர் பெயர் இருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுமே இல்லை. போய்ச் சேர்ந்ததும் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும், அதுதான் இருப்பதிலேயே கடினம், முடியாவிட்டால் எளிய இடத்தில் நிறுத்தலாம், அதுவும் முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டே போகலாம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய் என்று சொல்கிற கேம் எத்தனை இருக்கிறது?

எனக்குப் பிடித்தது பிரிட்டன் ரோடுகள். அங்கே நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்ட வேண்டும், அதனால் ரவுண்டானாவில் கை தடுமாறாது. டோவர் துறைமுகத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோ வரைக்கும், மழை, கண்ணாடியில் வைப்பர் போகும் சத்தம், எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம். ரேடியோவில் இன்டர்நெட் நிலையங்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, நான் ஒரு தமிழ் நிலையத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஸ்காட்லாந்து மழையில் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டு லாரி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போன அனுபவம் இருந்தால் பாதி புரியும்.

நம் ஊர்ப் பஸ்ஸே வேண்டும் என்பவர்கள் போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவுக்குப் போகிறார்கள், அதில் தமிழ்நாட்டு அரசு பஸ், தனியார் பஸ் என்று பெயிண்ட் அடித்த மோட்கள் (ரசிகர்களே செய்த மாற்றங்கள்) கொட்டிக் கிடக்கின்றன, ஏர் ஹாரன் உட்பட. காசு இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் விளம்பரம் நடுவில் வந்தால் மனசு கலைந்துவிடும், எனக்கு அது ஒத்துவரவில்லை.

யூரோ டிரக்கில் குறை என்றால், டிஸ்க்கில் 25 ஜிபி போல இடம் கேட்கும், பிற நாடுகளைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் (அடிப்படை வரைபடமே வருஷக்கணக்குக்குப் போதும், வாங்காதீர்கள்), அப்புறம் முதல் ஒரு மணி நேரம் டிரெய்லர் எங்கே இடிக்குமோ என்று பயமாக இருக்கும். தள்ளுபடி நாளில் விலை பாதிக்கும் கீழே இறங்கும், அதுவரை பொறுத்திருக்கலாம்.

ஆக, நான் தம்பிக்குச் சொன்னது யூரோ டிரக். எனக்கு என்று கேட்டால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்தான் முதலில், அது பல வருஷத்துக் கை, அதை யாருக்கும் கடன் கொடுக்க முடியாது. ஏற்கெனவே ஊறிப்போன ஒரு கேம் உங்களுக்கு இருந்தால், அது எவ்வளவு மட்டமான கேமாக இருந்தாலும், அதற்கே போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். அப்படி ஒன்று இல்லாதவர்களுக்கு யூரோ டிரக். பதற்றமான நாளுக்குப் போனில் டெட்ரிஸ், அது இடத்தை அடைக்காது. இரண்டு வாரம் லீவு இருந்து வேறு ஒரு ஊரில் வாழ்ந்து பார்க்க ஆசை என்றால் ஸ்டார்ட்யூ, ஆனால் புதுப் பண்ணையாகத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். வாரக்கணக்கில் கேம் மட்டுமில்லாமல் சாப்பாடு, நண்பர்கள், தூக்கம் என்று எதுவுமே பிடிக்காமல் போனால் கேமைத் தேடாதே, என்னைக் கூப்பிடு, டாக்டரிடம் சேர்ந்தே போகலாம் என்று. அப்படி எல்லாம் இல்லை அண்ணா, ஷிஃப்ட் மாறினால் சரியாகிவிடும் என்றான். சரி என்றேன், ஆனாலும் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே போன் செய்கிறேன்.

தள்ளுபடியில் வாங்கினான். நேற்று ராத்திரி பத்தே காலுக்கு அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ், பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கிறது, "அண்ணா, மழை பிடிச்சிருச்சு, ஒண்ணுமே தெரியல, வைப்பர் எந்த பட்டன்?"

P அழுத்துடா என்று அனுப்பினேன்.